உறையும் உள்ளுறையும்

வெளிநாட்டிலிருந்து வரும் அஞ்சற் பொதியின்மேல் சுங்கச் சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது நூலா, துணியா, மருந்தா என்பதை அனுப்பியவரே அதில் எழுதிக் கையொப்பமிடுகிறார். பொதியைக் கையாளும் அலுவலர் பெரும்பாலும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. சீட்டிற் கண்டதை நம்பி மேலே அனுப்புகிறார். ஐயம் எழுந்தால்தான் கத்தரியை எடுப்பார். சீட்டு உண்மை பேசும் என்ற நம்பிக்கையின்மேல்தான் இவ்வேற்பாடு முழுவதும் நிற்கிறது.

இணையத்தில் நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இத்தகைய சீட்டு ஒன்று நம் கண்ணிற் படாமல் வந்து போகிறது. 'கன்டென்ட் டைப்' என்று அதற்குப் பெயர். தமிழில் உள்ளடக்க வகை என்று சொல்லலாம். கணினிக்கு வந்து சேர்வன யாவும் பைட்டுகளே. அஃதாவது, 0 முதல் 255 வரையுள்ள எண்களின் நீண்ட வரிசையே. கவிதை வந்தாலும் அப்படித்தான். நிழற்படம் வந்தாலும் அப்படித்தான். 224 என்னும் எண் ஓரிடத்தில் ஓர் எழுத்தாக இருக்கும். மற்றோரிடத்தில் ஓர் எழுத்தின் மூன்றில் ஒரு பங்காக இருக்கும். வேறோரிடத்தில் படத்தின் ஒரு புள்ளிக்குரிய நிறமாக இருக்கும். எண்ணை உற்றுப் பார்த்து இதனை அறிய முடியாது. உடன் வரும் சீட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இச்சீட்டு தோன்றி நாற்பது ஆண்டுகளே ஆகின்றன. எனினும் அதனை எழுதியவர்கள் செய்த முடிவுகளும், படித்தவர்கள் செய்த பிழைகளும் நம் தமிழெழுத்தை நேரே தொட்டன. ஆதலின் இது பொறியாளருக்கு மட்டும் உரிய வரலாறு அன்று.

மின்னஞ்சலிற் பிறந்தது

1982 ஆகஸ்டில் டேவிட் கிராக்கர் தொகுத்த ஆர்.எப்.சி. 822 என்னும் ஆவணம் மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுத்தது. (இணைய நெறிகளை எண்ணிட்டு வெளியிடும் ஆவண வரிசைக்கு ஆர்.எப்.சி. என்பது பொதுப்பெயர்.) அனுப்புநர், பெறுநர், நாள், பொருள் ஆகிய தலைப்பு வரிகள் மேலே நிற்கும், ஒரு வெற்று வரி வரும், அதன் கீழே மடல். மடல் என்பது எழுத்தாலானது, அதுவும் ஆஸ்கி எனப்படும் அமெரிக்கக் குறியாக்கத்தின் 128 இடங்களுக்குள் அடங்குவது என்று அந்நெறி கொண்டது. படத்துக்கும் ஒலிக்கும் அங்கு இடமில்லை. பிரெஞ்சுக்காரர் தம் எழுத்தின் தலைமேல் இடும் சாய்கோட்டுக்குக்கூட இடமில்லை. தமிழைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

உள்ளே இருப்பது ஒரே வகை என்றால் வகையைச் சொல்லும் சீட்டு தேவைப்படாது. ஆனால் பல்கலைக்கழகங்களில் இருந்தோர் அச்சுக்கு உரிய கோப்புகளையும் அஞ்சலில் அனுப்பத் தொடங்கிவிட்டனர். 1988 மார்ச்சில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து மார்வின் சர்பு, 'கன்டென்ட் டைப்' என்னும் தலைப்பு வரி ஒன்றைச் சேர்க்கலாம் என்று ஆர்.எப்.சி. 1049இல் எழுதினார். போஸ்ட்ஸ்கிரிப்ட், டெக்ஸ், எஸ்.ஜி.எம்.எல். முதலான சில ஆவண மொழிகளின் பெயர்களை அவ்வரியில் குறிக்கலாம். பெயர் ஒன்றே, அதற்குள் உட்பிரிவு இல்லை. பெரிதாகப் பரவவில்லை என்றாலும், வரியின் பெயர் நிலைத்துவிட்டது.

நான்காண்டுகள் கழித்து அவ்வரிக்கு உருவம் கொடுத்தவர்கள் இருவர்: பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய நத்தானியல் போரன்ஸ்டைனும், இன்னோசாப்ட் நிறுவனத்து நெட் பிரீடும். அவர்களுடைய 'மைம்' நெறி 1992 ஜூனில் ஆர்.எப்.சி. 1341ஆக வெளிவந்தது. அதற்கு மூன்று திங்கள் முன்பே போரன்ஸ்டைன் ஒரு மடல் அனுப்பிக் காட்டினார். அவரும் நண்பர் மூவரும் சேர்ந்து பாடும் பாட்டுக் குழுவின் படமும், அவர்கள் பாடிய ஒலிப்பதிவும் அம்மடலோடு சென்றன. இன்று பள்ளிப் பிள்ளைகள் தம் ஆசிரியருக்கு அனுப்பும் ஒவ்வோர் இணைப்புக் கோப்புக்கும் அம்மடல் மூதாதை.

மைம் நெறியின் நுட்பம், வகைப் பெயரை இரண்டடுக்காக வைத்ததில் இருக்கிறது. முதலில் பேரினம், பிறகு சாய்கோடு, பிறகு உள்ளினம். 'இமேஜ்/ஜிப்' என்றால் படம் என்னும் பேரினத்தில் ஜிப் என்னும் உள்ளினம். அன்று வகுத்த பேரினங்கள் ஏழே: எழுத்து, படம், ஒலி, நிகழ்படம், செயலிக்குரியது, செய்தி, பல பகுதி கொண்டது. பின்னர் மாதிரியுரு 1997லும், எழுத்துரு 2017லும் பேரினங்களாயின. உள்ளினங்களோ ஆயிரத்துக்கு மேல் பெருகிவிட்டன.

இரண்டடுக்கு எதற்கு என்று கேட்கலாம். மரமறியாத ஊருக்குப் புதிய மரம் ஒன்று வந்தாலும், 'இது மரம்' என்ற அளவில் அறிந்தவன் அதன் நிழலில் நிற்கலாம் அல்லவா? அதுபோலப் பெறுகின்ற கணினி ஓர் உள்ளினத்தைக் கேள்விப்பட்டிராவிட்டாலும் பேரினத்தைக் கொண்டு ஏதேனும் செய்யலாம். எழுத்து எனில் எழுத்தாகக் காட்டலாம். செயலிக்குரியது எனில் திறவாமல் சேமித்து வைக்கலாம். வருங்காலத்தில் என்னென்ன வகைகள் தோன்றும் என்று 1992இல் எவரும் அறியார். அறியாததற்கும் இடம் விட்டு வைத்த அறிவுடைமை அது.

வலை கடன் வாங்கியது

ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1991இல் எழுதிய முதல் எச்.டி.டி.பி. நெறி மிகச் சிறியது. 'கெட்' என்ற சொல்லும் பக்கத்தின் பெயரும் சேர்ந்த ஒரே வரி போகும், பக்கம் திரும்பி வரும், தொடர்பு அறுந்துபோகும். வருவது எச்.டி.எம்.எல். பக்கம் என்பது முன்னரே தெரிந்ததுதான். ஒரே சரக்கு விற்கும் கடைக்குப் பெயர்ப்பலகை எதற்கு? அந்நெறியில் தலைப்பு வரிகளே இல்லை.

அதே ஆண்டில் மினசோட்டா பல்கலைக்கழகத்திற் பிறந்த 'கோபர்' என்னும் போட்டி முறை, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஓரெழுத்துக் குறி வைத்தது: சுழி என்றால் எழுத்துக் கோப்பு, ஒன்று என்றால் மேலும் ஒரு பட்டியல், ஒன்பது என்றால் இருமக் கோப்பு. சுருக்கம் அழகுதான். ஆனால் ஓரெழுத்துக்குள் உலகை எவ்வளவு நாள் அடைத்து வைக்க முடியும்?

வலை வேறு வழி சென்றது. மின்னஞ்சலுக்கென்று தைத்த சட்டையை எடுத்து அணிந்துகொண்டது. 1996 மேயில் ஆர்.எப்.சி. 1945ஆக வெளிவந்த எச்.டி.டி.பி. 1.0, மைமின் வகைப் பெயர்களை அப்படியே ஏற்றது. அஞ்சல் ஒருவழிப்பட்டது, மடல் எழுதுகிறவர், பெறுகிறவரிடம் 'உமக்கு எவ்வடிவம் பிடிக்கும்?' என்று கேட்டு எழுதுவதில்லை. வலையிலோ கேட்பவர் முதலில் பேசுகிறார். ஆகவே அவர் தமக்கு வேண்டியவற்றைச் சொல்ல 'அக்செப்ட்' என்னும் ஏற்புவரி சேர்ந்தது. 1997 ஜனவரியிலும் 1999 ஜூனிலும் வந்த 1.1 நெறிகள் இவ்வுரையாடலை விரித்துரைத்தன. இன்று நடப்பில் உள்ள நெறி 2022 ஜூனில் வெளியான ஆர்.எப்.சி. 9110. ஏற்புவரியைக் கண்டு வழங்கி தன்னிடமுள்ள வடிவங்களுள் ஒன்றைத் தேர்ந்து அனுப்பும். ஒன்றும் பொருந்தாவிடில் 406 என்னும் எண்ணைச் சொல்லி மறுக்கலாம். கேட்பவர் அனுப்பிய பொருளின் வகை தனக்கு ஒவ்வாதாயின் 415 என்று சொல்லும்.

பகுபதம் போலப் பிரித்தல்

இனி, அச்சீட்டைப் படிக்கும் இலக்கணத்துக்கு வருவோம். நன்னூலார் பகுபதத்துக்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகள் கூறினார். 'நடந்தனன்' என்பதைப் பிரிக்கத் தெரியாத மாணவன், அதனை முழுச் சொல்லாக மனப்பாடம் செய்வான். 'நடந்தனள்' என்று வந்தால் புதுச்சொல் என்று விழிப்பான். இணையச் சேவைகளை எழுதியோர் பலரும் தொடக்கத்தில் இம்மாணவனைப் போலவே நடந்துகொண்டனர்.

'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்; சார்செட்=யுடிஎப்-8' என்று ஒரு சீட்டு வருகிறது என்று கொள்வோம். சாய்கோட்டுக்கு முன் பேரினம், பின் உள்ளினம், அரைப்புள்ளிக்குப் பின் அடைமொழி. 'சார்செட்' என்னும் அடைமொழி, எழுத்துகள் எந்தக் குறியாக்கத்தில் உள்ளன என்று சொல்கிறது. அரைப்புள்ளிக்கு அடுத்து இடைவெளி விடலாம், விடாமலும் இருக்கலாம். யுடிஎப்-8 என்பதை மேற்கோள் குறிகளுக்குள் இடலாம், இடாமலும் இருக்கலாம். உரோமன் பேரெழுத்தில் எழுதினாலும் சிற்றெழுத்தில் எழுதினாலும் பொருள் ஒன்றே. இவற்றையெல்லாம் கலந்தால் ஒரே சீட்டைப் பத்துக்கு மேற்பட்ட தோற்றங்களில் எழுதலாம். அத்தனையும் நெறிக்கு உடன்பாடு.

இதை உணராமல் முழு வரியையும் ஒரே சரமாக ஒப்பிட்டவர்கள் பலர். மாணவர் கட்டுரைகளைப் பெறும் இணையச் சேவை ஒன்றில் இக்கட்டுரையாளர் கண்ட காட்சி இது: 'அப்ளிகேஷன்/ஜேசன்' என்று வந்தால் சேவை ஏற்றுக்கொண்டது, அதே வகையோடு 'சார்செட்' அடைமொழி சேர்ந்து வந்தால் 415 என்று திருப்பி அனுப்பியது. ஜேசன் வகைக்குச் 'சார்செட்' என்னும் அடைமொழியே வகுக்கப்படவில்லை. வந்தாலும் அதனால் பொருள் மாறாது என்பது நெறி. பொருள் மாறாத ஓர் அடைமொழிக்காக ஒரு வகுப்பின் கட்டுரைகள் முழுவதும் வாயிலிலேயே நின்றன. அனுப்பியவர்களோ தமிழில் எழுதியதுதான் குற்றம் போலும் என்று எண்ணிக்கொண்டார்கள்.

முழுச் சரத்தை ஒப்பிடுவது தவறு என்று அறிந்தவர்கள், அடுத்த தவற்றைச் செய்தார்கள். 'பேரெழுத்தும் சிற்றெழுத்தும் ஒன்றே' என்று கேட்டதும் வரி முழுவதையும் சிற்றெழுத்தாக்கிவிட்டார்கள். வகைப் பெயருக்கும் அடைமொழியின் பெயருக்கும் இது பொருந்தும். குறியாக்கத்தின் பெயருக்கும் பொருந்தும். ஆனால் எல்லா அடைமொழிகளின் மதிப்புக்கும் பொருந்தாது. பக்கத்திலிருந்து கோப்பைப் பதிவேற்றும் முறை 1995 நவம்பரில் வகுக்கப்பட்டது. அதில் உலாவி பல பகுதிகளை ஒரே பொதியாகக் கட்டி, பகுதிக்குப் பகுதி ஒரு வேலிச்சரம் இடும். அச்சரம் எது என்பதைப் 'பவுண்டரி' என்னும் அடைமொழியிற் சொல்லும். எழுபது குறிகள் வரை நீளக்கூடிய அச்சரத்தில் பேரெழுத்து வேறு, சிற்றெழுத்து வேறு. சீட்டைச் சிற்றெழுத்தாக்கிய சேவை, பொதிக்குள் அவ்வேலியைத் தேடும், காணாது, கோப்பே வரவில்லை என்று முடிவு செய்யும். லகரமும் ளகரமும் ஒன்றே என்று கொண்டு அகராதி பார்ப்பவன் கதிதான்.

இன்னும் சிலர் அரைப்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டினார்கள். மேற்கோள் குறிகளுக்குள்ளும் அரைப்புள்ளி வரலாம். அங்கு அது பிரிக்கும் குறியன்று, மதிப்பின் ஒரு பகுதி. 'பலகை' என்ற சொல்லில் 'பல', 'கை' என்னும் இரண்டும் தெரிகின்றன என்பதற்காக நடுவே வெட்டலாமா? எங்கே பிரிப்பது என்பதைப் போலவே எங்கே பிரிக்கலாகாது என்பதும் இலக்கணம்தான்.

பொதுவிதியும் சிறப்புவிதியும்

ஏற்புவரியைப் படிப்பது இதனினும் நுட்பமானது. அங்கே காற்புள்ளி இட்டுப் பல வகைகள் நிற்கும். உடுக்குறி இட்டு 'எழுத்தில் எவ்வுள்ளினமாயினும்' என்று சொல்லலாம். சாய்கோட்டின் இருபுறமும் உடுக்குறி இட்டு 'எதுவாயினும்' என்றும் சொல்லலாம். பேரினத்தை மட்டும் விட்டு உள்ளினத்தைச் சொல்ல இடமில்லை. ஒவ்வொன்றுக்கும் 'கியூ' என்ற விருப்ப எண் சேரும்: 0 முதல் 1 வரை, புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை. சொல்லாவிடில் 1. சுழி என்றால் 'வேண்டவே வேண்டாம்'.

ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் 'டெக்ஸ்ட்/*' எனவும் 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்; கியூ=0' எனவும் இரண்டைக் கேட்கிறார். எச்.டி.எம்.எல். தரலாமா? முதலில் நிற்பதைக் கண்டதும் நிற்பவன் 'தரலாம்' என்பான். நெறி 'தரலாகாது' என்கிறது. வரிசை இங்குக் கணக்கில்லை; எது மிகக் குறுகிய பொருளைச் சுட்டுகிறதோ அதுவே வெல்லும். அடைமொழியோடு கூடிய வகை முதலிடம். தனி வகை அடுத்து. பேரினம் மட்டும் சுட்டுவது அதற்கடுத்து. எதுவாயினும் என்பது கடைசி.

தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. உயிரீற்றின் முன் வல்லினம் மிகும் என்பது பொதுவிதி. வினைத்தொகையில் மிகாது என்பது சிறப்புவிதி. அதனால்தான் 'ஊறுகாய்' என்கிறோம், 'ஊறுக்காய்' என்பதில்லை. பொதுவிதி நூலில் முன்னே நிற்கிறது என்பதற்காக அது வென்றுவிடுவதில்லை. நூற்பா விதிகளைக் கையாண்டு பழகிய எவரும் ஏற்புவரியைத் தவறாகப் படிக்கமாட்டார் என்று இதை எழுதுபவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

எழுதுவோரும் நெறி தவறினர். ஜாவா மொழியின் அடிப்படை நூலகம் நெடுங்காலம் அனுப்பிய ஏற்புவரியில் சாய்கோடே இல்லாமல் தனி உடுக்குறி ஒன்று நின்றது. விருப்ப எண்ணும் முன்சுழி இன்றிப் '.2' என்று இருந்தது. இரண்டும் இலக்கண வழு. ஆயினும் கோடிக்கணக்கான கணினிகளில் ஓடும் நிரல் பேசும் வழுவை எவர் தள்ள முடியும்? சேவை எழுதுவோர் தம் நிரலில் அதற்கென ஒரு விலக்கு எழுதி வைத்தனர். வழுவமைதி என்று நாம் சொல்வது அதுதான். வேறோர் உலாவிக் குடும்பம், எச்.டி.எம்.எல். பக்கத்தை விட எக்ஸ்.எம்.எல். தரவையே மிகுதியும் விரும்புவதாகச் சில காலம் சொல்லி வந்தது. அதை மெய்யென்று நம்பிய சேவைகள் மனிதருக்கு உரிய பக்கத்தைக் கொடாமல், எந்திரத்துக்கு உரிய தரவைக் கொடுத்தன. சொன்ன சொல்லை நம்பியவன் ஏமாந்தான். இதனால் ஏற்புவரியையே பாராத சேவைகள் பெருகின.

மோப்பம்

சீட்டு பொய்த்தபோது பெறுவோர் என்ன செய்தனர்? பொதியைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினர். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்னும் உலாவி, வந்த பொருளின் முதல் 256 பைட்டுகளை மோந்து பார்த்து, சீட்டு என்ன சொன்னாலும் தானே ஒரு முடிவுக்கு வரலாயிற்று. சோம்பேறி வழங்கிகள் எல்லாவற்றுக்கும் 'வெற்றெழுத்து' என்ற ஒரே சீட்டை ஒட்டி வந்த காலம் அது. மோப்பம் பிடிக்கும் உலாவியில் பக்கங்கள் ஒழுங்காகத் தெரிந்தன. நெறியைப் பின்பற்றிய உலாவி பழுதுற்றதுபோல் தோன்றியது. நல்லொழுக்கத்துக்கு இப்படியும் ஒரு தண்டனை!

இதில் உறைந்திருந்த கேடு பின்னரே விளங்கியது. படம் என்று சீட்டு ஒட்டிய கோப்புக்குள் நிரல் வரிகளை மறைத்து ஒருவர் ஒரு தளத்தில் ஏற்றிவிடுகிறார். தளம் அதைப் படம் என்றே அனுப்புகிறது. உலாவி மோந்து பார்த்து, 'இது படம் அன்று, பக்கம்' என்று கொண்டு அந்நிரலை இயக்கிவிடுகிறது. 2009இல் ஆடம் பார்த், ஜுவான் கபல்லேரோ, டான் சாங் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வுரை இதற்கு ஒரு வேடிக்கையான சான்று காட்டியது. மாநாட்டுக்கு அனுப்பும் ஆய்வுக் கட்டுரையையே அவ்வாறு சமைக்கலாம். மதிப்பிடுபவர் அதைத் தம் உலாவியில் திறந்த அளவில், அக்கட்டுரை அவர் பெயரால் தனக்குத்தானே நல்ல மதிப்பெண் போட்டுக்கொள்ளும்! விடைத்தாள் தன்னையே திருத்திக்கொள்வது என்பது ஆசிரியர்களுக்குக் கனவாக இருக்கலாம். தேர்வுக்கு அது நாசம்.

மைக்ரோசாப்ட் நிறுவனமே 2008இல் 'நோஸ்னிப்', அஃதாவது 'மோவாதே', என்று கட்டளையிடும் தலைப்பு வரி ஒன்றைக் கொண்டுவந்தது. மற்ற உலாவிகளும் அதை ஏற்றன. சீட்டை நம்பு என்று சொல்லவே இரண்டாவதாக ஒரு சீட்டு வேண்டியிருந்தது. எவ்வளவு மோப்பம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்பதற்கும் இப்போது எழுதப்பட்ட நெறி உண்டு.

தமிழுக்கு நேர்ந்தது

இனித்தான் நமக்கு நெருங்கிய பகுதி. 1992ஆம் ஆண்டு மைம் நெறி, எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லச் 'சார்செட்' அடைமொழியை வைத்தபோது, அதில் இடலாம் என்று குறித்த பெயர்கள் ஆஸ்கியும், ஐ.எஸ்.ஓ. 8859 என்னும் வரிசையின் ஒன்பது பகுதிகளும் ஆகும். இலத்தீன், சிரிலிக், அரபு, கிரேக்கம், எபிரேயம் எல்லாம் அவற்றுள் அடங்கின. தமிழுக்குப் பெயர் இல்லை. 1996ஆம் ஆண்டின் எச்.டி.டி.பி. நெறியோ, அடைமொழி இல்லாத எழுத்துப் பக்கத்தை மேற்கைரோப்பிய இலத்தீன் என்று கொள்ளச் சொன்னது. வாய் திறவாதவன் எல்லாம் ஐரோப்பியன் என்பது போன்ற ஏற்பாடு. 2014இல்தான் அவ்விதி நீக்கப்பட்டது.

தமிழர் அதற்காகக் காத்திருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதலே முரசு மென்பொருளை உருவாக்கி வளர்த்து வந்தார். சிங்கப்பூரில் 1995 அக்டோபரில் நான்கு மொழிக் கவிதைத் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏறியது. தமிழ்ப் பகுதி வலையில் தெரிவதற்குத் தேசியக் கல்விக் கழகத்து நா. கோவிந்தசாமியும், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தாரும் உழைத்தனர். 1997 மேயில் சிங்கப்பூரிலேயே தமிழிணைய மாநாடும் கூடியது. ஆனால் அக்காலத் தமிழ்ப் பக்கங்களின் சீட்டு என்ன சொல்லிற்று? ஒன்று, இலத்தீன் என்றது. அல்லது 'எக்ஸ்-யூசர்-டிபைண்ட்', அஃதாவது 'பயனரே வரையறுத்தது', என்றது. இலத்தீன் எழுத்துகளின் எண்களில் தமிழ் வடிவங்களை வரைந்த எழுத்துரு ஒன்று படிப்பவர் கணினியில் இருந்தால் பக்கம் தமிழாகத் தெரியும். சீட்டு சொன்ன பொய்யை எழுத்துரு மெய்யாக்கியது.

எழுத்துருவுக்கு எழுத்துரு எண்கள் வேறுபட்டன. அவற்றை ஒன்றாக்க எழுந்த முயற்சிகளுள் ஒன்று திஸ்கி எனப்படும் குறியாக்கம். அதன் கீழ்ப்பாதி ஆஸ்கி, மேற்பாதியில் தமிழ். அதில் அகரத்தின் எண் 171. அதே எண் இலத்தீன் குறியாக்கத்தில் பிரெஞ்சுக்காரர் இடும் இரட்டைக் கூர்முனை மேற்கோள் குறி. இகரத்துக்கு முதலிற் கொடுத்த எண் 173. அது இலத்தீனில் வரி உடையும்போது மட்டும் தோன்றி மற்ற நேரம் கண்ணுக்குத் தெரியாத சிறுகோடு. சீட்டை நம்பிய உலாவிகள் அவ்விடத்தில் ஒன்றையும் காட்டவில்லை. 'இலை', 'இசை', 'இறைவன்' என்ற சொற்களெல்லாம் தலையிழந்து நின்றன. அதனால் பின்னைய பதிப்பில் இகரத்துக்கு 254 என்று வேறிடம் தேட வேண்டியதாயிற்று. பிறமொழிச் சீட்டுக்கு அஞ்சி நம் உயிரெழுத்து ஒன்று வீடு மாறியது!

யூனிகோடில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம் பெற்றிருந்தது. அதனை வலையிற் பரப்பியது 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎப்-8. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்றெழுத்து; யூனிகோடில் ஐந்து குறி; கம்பியில் பதினைந்து பைட்டு. ஒவ்வொரு குறியின் முதற் பைட்டும் 224. சீட்டு தவறி இலத்தீன் என்று சொன்னால், 224 என்பது தலையில் சாய்கோடு தாங்கிய 'ஏ' என்னும் உரோமன் எழுத்தாகும். அடுத்து வட்டத்துள் 'ஆர்' அடைந்த பதிவுக்குறியோ, நீண்ட மேற்கோடோ வரும். பக்கம் முழுவதும் அவ்வேயும் அவ்வட்டமும் மாறிமாறி நிற்பதை நம்மில் பலர் கண்டு, கணினியில் நச்சுநிரல் புகுந்துவிட்டது என்று அஞ்சியிருக்கிறோம். பைட்டுகள் ஒன்றும் கெடவில்லை. சீட்டு மட்டுமே தவறு.

ஆனால் யுடிஎப்-8இன் வெற்றியால் பழைய பக்கங்களுக்குப் புதிய இடர் ஒன்று வந்தது. பக்கத்துக்குள்ளேயும் குறியாக்கத்தின் பெயரை எழுதி வைக்கலாம். எனினும் வழங்கி தரும் தலைப்பு வரிக்கும் அதற்கும் முரண் வந்தால் தலைப்பு வரியே வெல்லும். தளத்தைப் புதுப்பிக்கும் மேலாளர், எல்லாப் பக்கங்களுக்கும் யுடிஎப்-8 என்ற ஒரே சீட்டை ஒட்டுமாறு வழங்கியை அமைத்துவிடுகிறார். புதிய பக்கங்கள் நன்றாகத் தெரிகின்றன. 1999இல் யாரோ ஓர் ஆசிரியர் விடுமுறையெல்லாம் தட்டச்சிட்டு ஏற்றிய திஸ்கிப் பக்கம், கேள்விக்குறிகளின் காடாகிவிடுகிறது. அதை எவரும் திறந்து பார்ப்பதில்லை. பார்ப்பவரும் 'கெட்டுவிட்டது' என்று மூடிவிடுகிறார்.

மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் 1998இல் தொடங்கித் திஸ்கியில் இலக்கியங்களை வெளியிட்டது. பின்னர் யூனிகோடிலும் தந்தது. அதனை நடத்திய கு. கல்யாணசுந்தரமே திஸ்கி என்னும் பெயரை இணையப் பெயர்ப் பதிவேட்டில் ஏற்றினார். அதன் பதிவெண் 2107. ஆக, தமிழுக்கெனச் சீட்டில் எழுதத்தக்க பெயர் ஒன்று முறைப்படி கிடைத்தது. ஆனால் இன்றைய உலாவிகள் பின்பற்றும் குறியாக்க நெறியின் பட்டியலில் திஸ்கி இல்லை. 'பயனரே வரையறுத்தது' என்ற அந்தப் பழைய பெயர் மட்டும் அங்கே இருக்கிறது. அப்பெயரோடு வரும் 128க்கு மேற்பட்ட எண்கள், எந்த மொழிக்கும் உரியதல்லாத தனியிடம் ஒன்றில் கொண்டு வைக்கப்படுகின்றன.

திட்டத்தின் நூல்களைப் போல மாற்றி எழுதப்படாத சிற்றிதழ்களும், பள்ளி மலர்களும், தனியார் பக்கங்களும் பழைய தட்டுகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றைப் படிக்க வேண்டுமானால் பைட்டுகளை எடுத்து, 171ஐ அகரம் என்றும் 173ஐயும் 254ஐயும் இகரம் என்றும் மாற்றும் நிரலில் இட வேண்டும். அதற்கும் முன்னே, அது திஸ்கிதானா, தமிழக அரசு 1999இல் அறிவித்த டாம், டாப் முறைகளுள் ஒன்றா, வேறு ஏதேனும் எழுத்துருவா என்று முடிவு செய்தாக வேண்டும். சீட்டில் அது இல்லை. பக்கத்தின் உள்ளே எங்கேனும் எழுத்துருவின் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதே இப்போதுள்ள வழி.